குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா: நம் ஞாயிறு வகுப்புகளுக்கு ஒரு பாடம்



கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு எடுக்கும் அண்ணன்மார், அக்காமார் யாரைக் கேட்டாலும் ஒரே கவலையைத்தான் சொல்கிறார்கள். "பிள்ளைங்க வர்றாங்க, உக்கார்றாங்க. ஆனா தேவாரத்த ரூமி எழுத்துல எழுதிக் கொடுத்தாத்தான் பாடுறாங்க." தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தேசியப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கோ தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடுகிறது. சில வீடுகளில் அந்தப் பேச்சும் இல்லை. எழுத்து தெரியாத பிள்ளைக்குத் திருமுறை வெறும் ஓசையாகவே இருந்துவிடும் ஆபத்து உண்டு.

இதற்கு என்ன வழி? அதைத் தேடும்போது நமக்கு உதவக்கூடிய ஒருவரின் வாழ்க்கையை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அவர் பெரிய புலவர் பட்டம் வாங்கியவர் அல்ல. மடத்துத் துறவியும் அல்ல. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக 2,000-க்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதிய ஒரு குடும்பஸ்தர். அவர்தான் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

1. பிறப்பும் இளமையும்

புதுக்கோட்டைச் சீமையில் இராயவரம் என்ற ஊரில் 1922 நவம்பர் 7-ஆம் நாள் வள்ளியப்பா பிறந்தார். தந்தை அழகப்பச் செட்டியார், தாயார் உமையாள் ஆச்சி. தந்தை பெயரின் 'அழ' என்ற முதல் இரண்டு எழுத்துகளே இவர் பெயருக்கு முன்னால் நிற்கின்றன. நகரத்தார் குடும்பம். அந்தச் சமூகத்தை நமக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்தவர்கள். பினாங்கு தண்ணீர்மலையில் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் போய்ச் சேரும் நகரத்தார் கோயில் அவர்கள் கட்டியதுதான். கெடாவின் பழைய பட்டணங்களிலும் அவர்கள் கடை வைத்திருந்தார்கள்.

அந்தக் குடும்பங்களில் பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் கப்பலேற்றிக் கணக்கெழுத அனுப்புவது வழக்கம். வள்ளியப்பா போன வழி வேறு. பள்ளிப்படிப்பு முடிந்ததும் 1940-இல் சென்னைக்குப் போய், வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' காரியாலயத்தில் சேர்ந்தார். சேர்ந்தது பணம் வாங்கிப் போடும் காசாளர் வேலையில்தான். ஆனால் அது புத்தகமும் பத்திரிகையும் உருவாகும் இடம். அங்கே இருந்த எழுத்தாளர் தி. ஜ. ர. அவரை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினார். ஒரு பெரியவர் கொடுத்த அந்த ஊக்கமே காசாளரை எழுத்தாளராக்கியது.

1941-இல் இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. அதன்பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் வங்கி ஊழியராகவே இருந்து 1982-இல் ஓய்வு பெற்றார். இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். அவர் எழுதியதில் பெரும்பகுதி இந்த நாற்பது ஆண்டுகளில் எழுதியது. அதாவது பகல் முழுவதும் பேரேடு பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் எழுதியது. "வேல முடிஞ்சு வந்தா டைம் இல்ல" என்று சொல்லும் நமக்கு இது ஒரு சின்னக் குட்டுதான்.

2. 23 பாட்டில் தொடங்கிய பயணம்

அவருடைய முதல் பாட்டுத் தொகுப்பு 'மலரும் உள்ளம்', 1944-இல் வெளிவந்தது. அதில் இருந்தவை 23 பாட்டுகள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், காகிதத் தட்டுப்பாடு வேறு. அப்படியொரு காலத்தில் பெரியவர்களுக்குப் புத்தகம் போடுவதே கஷ்டம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் புத்தகம் போட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்கத்தான் செய்வார்கள். ஆனாலும் போட்டார். பிறகு ஆண்டுகள் ஓட ஓட அதே பெயரில் பெரிய தொகுதிகள் வந்தன.

அவர் எழுதியது பாட்டு மட்டுமல்ல. கிரேக்க நாட்டு ஈசாப்பின் கதைகளைத் தமிழ்ப் பாட்டாக்கி 'ஈசாப் கதைப் பாடல்கள்' தந்தார். காந்தியடிகளின் வாழ்க்கையைப் 'பாட்டிலே காந்தி கதை' என்று பாட்டாகவே சொன்னார். 'சின்னஞ்சிறு வயதில்' என்ற நூலில் பெரிய மனிதர்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது நடந்தவற்றைக் கதையாக்கினார். 'நீலா மாலா', 'பர்மா ரமணி' முதலியவை சிறுவர் நாவல்கள். 'நம் நதிகள்' என்ற நூலை இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. அது பல இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது.

இவற்றில் 'பர்மா ரமணி' நாம் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டிய நூல். உலகப் போர் நேரத்தில் பர்மாவிலிருந்து தமிழகம் வந்து சேரும் ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை அது. நம் கெடாவுக்கும் அந்தப் போருக்கும் உள்ள தொடர்பு சின்னதல்ல. 1941 டிசம்பரில் சயாம் எல்லை வழியே இறங்கிய ஜப்பானியப் படையோடு ஜித்ராவில் சண்டை நடந்தது. பிறகு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. எத்தனையோ பிள்ளைகள் அப்பா இல்லாமல் லயத்தில் வளர்ந்தார்கள். அந்தக் காலத்துப் பிள்ளையின் கண்ணால் போரைப் பார்க்கும் கதை நமக்கும் தேவை. நம் கெடாப் பிள்ளையின் கதையை இதேபோல் சிறுவர் நாவலாக யாராவது ஒருவர் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

3. அவர் பாட்டில் என்ன இருக்கிறது?

நம் சமய மரபில் குழந்தையைப் பாடுவது புதிதல்ல. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தொட்டிலிட்டுப் பாடினார். பிறகு பிள்ளைத்தமிழ் என்று ஒரு தனி இலக்கிய வகையே வளர்ந்தது. காப்பு, செங்கீரை, தாலம், சப்பாணி என்று பத்துப் பருவம் வைத்துப் பாடுவார்கள். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் ஒரு வரி ஓடுமா? ஓடாது. ஏனென்றால் அது குழந்தையைப் பற்றிப் பெரியவர்களுக்காகப் பாடியது.

ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அடுத்த படி. அவை குழந்தைக்காகவே செய்தவை. அகர வரிசையில் அடுக்கியிருப்பதால் எழுத்தும் அறமும் ஒன்றாகப் பதியும். ஆனால் அங்கே பேசுவது பாட்டி, கேட்பது பிள்ளை.

மூன்றாவது படியில்தான் பாரதியின் பாப்பா பாட்டும், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களும், வள்ளியப்பாவின் பாட்டுகளும் வருகின்றன. வள்ளியப்பாவின் பல பாட்டுகளில் பேசுவதே பிள்ளைதான். பிள்ளை பார்க்கும் பூனை, பிள்ளை ஆசைப்படும் பலகாரம், பிள்ளைக்கு வரும் பயம், பிள்ளை கேட்கும் கேள்வி. குழந்தையைப் பற்றி, குழந்தைக்காக, குழந்தையாகவே. இந்த மூன்று படியையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நம் வகுப்பில் எதை எந்த வயதுக்குக் கொடுக்கலாம் என்பது தானாகத் தெரியும்.

இனி அவர் பாட்டின் வேலைப்பாட்டைப் பார்ப்போம்.

முதலாவது, வரி சின்னது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போகாத வரிகளே அதிகம்.

இரண்டாவது, எதுகை. சொல்லின் இரண்டாம் எழுத்து ஒன்றுபோல் வருவதே எதுகை. பட்டம், வட்டம், கட்டம் என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றைச் சொன்னால் அடுத்தது நாக்கில் தானாக வந்து நிற்கும். படிக்கத் தெரியாத பிள்ளையும் பாட்டை மறக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். திருக்குறளையும் தேவாரத்தையும் நம் முன்னோர் ஏடு பார்க்காமல் ஒப்பித்ததும் இதே எதுகை, மோனையின் பலத்தால்தான். ஆக, பிள்ளைப் பாட்டில் பழகிய காது நாளைக்குத் திருமுறைக்கும் தயாராகிவிடுகிறது.

மூன்றாவது, பேச்சுச் சொல். அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் இல்லை. அதே நேரம் கொச்சையும் இல்லை. வீட்டுத் தமிழிலிருந்து புத்தகத் தமிழுக்கு ஒரு சின்னப் பாலம் போட்டதுபோல் இருக்கும்.

நான்காவதுதான் முக்கியம். அவர் பாட்டு பிள்ளையைத் திட்டுவதில்லை. அறம் இருக்கும், ஆனால் கதைக்குள்ளே இருக்கும். சிரித்து முடித்த பிறகுதான் பிள்ளைக்கு உறைக்கும். நம்மில் பலர் வகுப்பில் என்ன செய்கிறோம்? கதை சொல்லி முடித்ததும், "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று பிரம்பு எடுக்காத குறையாகக் கேட்கிறோம். பிள்ளை கதையை விட்டுவிட்டு நமக்குப் பிடித்த பதிலைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

4. தனியாக நிற்கவில்லை

வள்ளியப்பா எழுதியதோடு நின்றிருந்தால் நல்ல கவிஞர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அவர் ஒரு கூட்டத்தையே சேர்த்தார். 1950-இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. முதல் தலைவர் சக்தி வை. கோவிந்தன், செயலாளர் வள்ளியப்பா. தலைவர் நாற்காலியில் முன்பு தமக்கு வேலை கொடுத்தவரை உட்கார வைத்துவிட்டு, ஓடியாடும் வேலையைத் தாம் எடுத்துக்கொண்டார். சங்கம் போட்டிகள் நடத்தியது, புதியவர்களை எழுத வைத்தது. குழந்தைகளுக்கு எழுதுவதும் மதிப்பான எழுத்துதான் என்ற எண்ணத்தை உண்டாக்கியது.

'பூஞ்சோலை' முதலிய சிறுவர் இதழ்களுக்கு ஆசிரியப் பொறுப்பு ஏற்றார். ஓய்வு பெற்ற பிறகாவது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாரா? இல்லை. 1983 முதல் 1987 வரை 'கோகுலம்' இதழின் ஆசிரியராக இருந்து எத்தனையோ பிள்ளைகளை வாசகர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆக்கினார்.

1989 மார்ச் 16-ஆம் நாள் தம் 66-ஆம் வயதில் அவர் காலமானார். மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் குழந்தை இலக்கியத்தைப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய வேளையில் மயங்கிச் சாய்ந்தவர் பிறகு எழவில்லை. எடுத்த காரியத்தை விடாமல் செய்தவர் கடைசி மூச்சிலும் அதையே பேசினார். அவர் மகள் தேவி நாச்சியப்பனும் சிறுவர் எழுத்தாளர்தான். சாகித்திய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றவர்.

5. நம் மண்ணில்

"அது தமிழ்நாட்டுக் கதை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கெடாவில் மட்டும் ஐம்பதுக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் பிரட்டுக்குப் போன பிறகு, கைப்பிள்ளை ஆயாக் கொட்டகையிலும் பெரிய பிள்ளை தோட்டப் பள்ளியிலும் இருந்த காலம் அது. அந்தப் பள்ளிகளில் ஒலித்த குழந்தைப் பாட்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவையும் கலந்திருந்தன. யார் எழுதியது என்று தெரியாமலே நம் பாட்டிமார் பாடிய பாட்டும் அதில் உண்டு. கவிஞரின் பெயர் மறந்துபோய்ப் பாட்டு மட்டும் ஊர்ப் பாட்டாகிவிடுவது எந்தக் கவிஞனுக்கும் கிடைக்கிற பேறு அல்ல.

நம் நாட்டிலேயே இந்த வழியில் நடந்தவர்களும் இருக்கிறார்கள். 'பாப்பா பாவலர்' என்று அழைக்கப்படும் முனைவர் முரசு நெடுமாறன் தமிழாசிரியராக இருந்து பிள்ளைகளுக்காக எழுதினார், வானொலி வழியே பாட்டுகளைக் கொண்டுபோனார். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தவரும் அவர்தான். நம் கெடாவிலேயே, சுங்கை பட்டாணியைச் சேர்ந்த ஆசிரியரும் எழுத்தாளருமான கே. பாலமுருகன் சிறுவர்களுக்காக மர்ம நாவல்கள் எழுதியிருக்கிறார். மலாயா மண்ணின் மரமும் ஆறும் குகையும் வருகிற கதை என்றால் நம் பிள்ளை ஒரு படி கூடுதலாக ஒட்டிக்கொள்ளும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பு. லயத்தில் சேர்ந்து இருந்த குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், அலோர் ஸ்டார் தாமான்களில் பிரிந்து கிடக்கின்றன. லயத்து வாசலில் பாட்டி பாடினால் பத்து வீட்டுப் பிள்ளை கேட்கும். தாமான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டால் கைப்பேசிதான் பாட்டி. இந்த இடத்தில் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்க்கும் பெரிய வாய்ப்பு கோயிலுக்கும் இளைஞர் இயக்கத்துக்கும்தான் இருக்கிறது.

1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்திலும் சுற்று வட்டாரத்திலும் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கு எதிராக நின்றார்கள். அவர்களிடம் காசும் இல்லை, கட்டடமும் இல்லை. பிள்ளைகளின் எதிர்காலம் கெடக்கூடாது என்ற வைராக்கியம் இருந்தது. நம் தலைமுறைக்குக் கிடைத்திருக்கும் வேலை அதைவிடச் சுலபமானது. ஒரு பிள்ளையின் கையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்க வேண்டும்.

6. "பூனைப் பாட்டு சமயப் பாடமா?"

சில பெரியவர்கள் இப்படிக் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். சமய வகுப்புக்குக் கிடைப்பது வாரத்தில் ஒன்றரை மணி நேரம். அதில் விளையாட்டுப் பாட்டுக்கு இடம் கொடுத்தால் திருமுறைக்கு நேரம் குறையுமே?

குறையும், உண்மைதான். ஆனால் ரூமி எழுத்தில் மனப்பாடம் செய்த பதிகம் திருமுறை ஓதும் போட்டி முடிந்த மறுவாரமே மறந்துபோவதை நாமே பார்க்கிறோம். சொல்லின் பொருள் தெரியாது, எழுத்தும் தெரியாது, பிறகு எதைப் பிடித்துக்கொண்டு அது மனத்தில் நிற்கும்? நிலத்தை உழாமல் விதை தூவுவதுபோல்தான். வகுப்பில் பத்து நிமிடம் பிள்ளைப் பாட்டுக்குக் கொடுத்தால் நாக்கு திருந்துகிறது, ழகரமும் ளகரமும் பிடிபடுகின்றன, தமிழ் பயம் போகிறது. திருமுறையை எடுத்துவிட்டுப் பாட்டை வைக்கச் சொல்லவில்லை. திருமுறைக்குப் போகும் படிக்கட்டாகப் பாட்டை வைக்கச் சொல்கிறோம்.

7. நாம் செய்யக்கூடியவை

அ. முதலில் காது, பிறகு கண். புதிய பாட்டை இரண்டு வாரம் பாட மட்டும் செய்யுங்கள். நன்றாகப் பாடம் ஆன பிறகு அதே பாட்டைத் தமிழ் எழுத்தில் காட்டுங்கள். வாயில் இருக்கும் சொல்லைக் கண் தானாகத் தேடிப் பிடிக்கும்.

ஆ. ரூமித் தாளை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். வாரம் ஐந்து சொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். சிவம், அருள், அம்மை என்று சின்னச் சொல்லாகத் தொடங்குங்கள். ஒரு வருடத்தில் தாளே தமிழாகிவிடும்.

இ. கோயில் மண்டபத்தில் ஒரு புத்தகப் பெட்டி. முப்பது சிறுவர் நூல் போதும். பூட்டு வேண்டாம். புத்தகம் கிழிந்தால் யாரோ படித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுங்கள்.

ஈ. பாட்டிமார் பாட்டைப் பதிவு செய்யுங்கள். தோட்டத்தில் பாடிய தாலாட்டு, கும்மி, விளையாட்டுப் பாட்டு எல்லாம் 70, 80 வயதுக்காரர்களின் நினைவில்தான் இருக்கின்றன. கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. "பாட்டி, நீங்க சின்ன வயசுல பாடினத கொஞ்சம் பாடுங்க" என்று கேட்டால் போதும். முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு நிறுத்தமாட்டார்கள்.

உ. பிள்ளைகளையே எழுத வையுங்கள். எதுகைச் சொற்கள் ஆறு கொடுத்து, தங்கள் ஊரைப் பற்றி நாலு வரி கட்டச் சொல்லுங்கள். மெர்போக் ஆறு, ஜெராய் மலை, பாசார் மாலாம், கோயில் திருவிழா எதுவாகவும் இருக்கலாம். தப்பும் தவறுமாகத்தான் வரும். வரட்டும். வள்ளியப்பாவின் முதல் நூலில்கூட 23 பாட்டுதான் இருந்தது. நம் கிளை ஒரு வருடத்தில் 23 பாட்டு சேர்க்க முடியாதா?

கலந்துரையாடச் சில கேள்விகள்

1. குழந்தையைப் பற்றி, குழந்தைக்காக, குழந்தையாகவே பாடுவது — இந்த மூன்றுக்கும் உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு நூலைச் சொல்லுங்கள்.

2. சங்கம் தொடங்கியபோது வள்ளியப்பா தலைவர் பதவி எடுக்காமல் செயலாளராக இருந்ததில் நம் கிளைப் பொறுப்பாளர்கள் கற்க வேண்டியது என்ன?

3. உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் தமிழ் எழுத்து தெரியாமல் தேவாரம் பாடுகிறார்கள்? அவர்களில் ஒருவரை அடுத்த தீபாவளிக்குள் தமிழில் படிக்க வைக்கும் பொறுப்பை உங்களில் யார் எடுத்துக்கொள்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது பிள்ளையின் பெயரையும் பொறுப்பேற்பவரின் பெயரையும் கிளைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு வகுப்பில் அந்தப் பிள்ளையே எழுந்து நின்று, தமிழ் ஏட்டைப் பார்த்து ஒரு பதிகம் படிக்கட்டும்.